உப்புக் கூடாத இருவர்

கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதினார்:
நூற்றெழுபதுக்கு நூற்றைந்து.
கருவாடு வேண்டாம், ஊறுகாய் வேண்டாம்,
சோற்றுக்கு உப்பே வேண்டாம்.
அதே கிழமை விவசாயப் போதனாசிரியர்
வேலியோரம் குந்தியிருந்து
என் கறிவேப்பிலையின் மஞ்சள் இலையை
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
"இதுக்கும் உப்புத்தான் ராத்தா.
கிணத்துத் தண்ணி குடுக்காதீங்க."

நிந்தவூரில் எங்கள் வளவுக்கும் கடலுக்கும் நடுவே
நாலு வீடும் ஒரு மையவாடியும்.
முகம் கழுவினால் உதடு கரிக்கும்.
நானும் இதுவும் இத்தனை காலம்
ஒரே வாளியில் குடித்திருக்கிறோம்.

இப்போது அந்திக்கு அந்தி
பைப்புத் தண்ணி, அரை வாளி.
பில் வந்த அன்று மீராமுகைதீன் கத்தினார்:
"சந்தையில சும்மா குடுக்கிற இலைக்கு
காசு குடுத்துத் தண்ணியா?"
சும்மா கொடுத்த காலத்தில்தான்
அவர் கடைசியாகச் சந்தைக்குப் போனார்.

கமறுன்னிஸா, நீ கேட்டாயே, சொல்கிறேன்.
பழம் கறுத்து, தொட்டால் நசிய வேண்டும்.
நசித்து, கழுவி, ஈரத்தோடு நடு.
காய வைத்துத் தாளில் மடித்து
அலுமாரிக்குள் வைத்தாயோ,
மூன்று கிழமையில் அது வெறும் கொட்டை.
அதைவிட, தாய் மரத்தின் வேரில்
ஒரு சாண் தள்ளி முளைத்திருக்கும் கன்று நல்லது.
நடுவில் மண்வெட்டியை இறக்கி வேரை அறு.
அறுத்த கையோடு தூக்கிவிடாதே.
ஒரு மாதம் அங்கேயே நிற்கட்டும்,
தான் தனி என்று
மெல்ல மெல்லத் தெரிந்துகொள்ளட்டும்.

நம் மணலில் எதுவும் தங்காது.
முழங்கால் ஆழக் கிடங்கு,
அடியில் தேங்காய் மட்டை,
மேலே வயல் மண்ணும் காய்ந்த சாணமும்.
கச்சான் அடிக்கிற மாதங்களில்
மேற்குப் பக்கம் ஒரு கிடுகு சாத்து.
அந்தக் காற்று இலையைப் பொரித்துவிடும்,
எண்ணெய் இல்லாமலே.

பூவைக் கிள்ளச் சொன்னார்கள்.
பூத்தால் இலை சிறுக்குமாம்.
கிள்ளினேன். ஒரு கொத்தை மட்டும்
காணாதமாதிரி விட்டுவிட்டேன்.
அதன் பழத்துக்கு இப்போது
கொண்டைக்குருவி ஒன்று
சுபஹுக்கே வந்து சத்தம் போடுகிறது.

இன்னொன்று. இலையில் காக்கை எச்சம்போல
ஏதாவது ஒட்டிக் கிடந்தால் அது எச்சமில்லை.
நாலு நாளில் பச்சைப் புழுவாகும்.
ஈர்க்கால் தொட்டுப் பார்,
தலைக்குப் பின்னால் சிவந்த கொம்பு இரண்டை நீட்டி
தேசிக்காய் நாற்றம் அடிக்கும்.
பத்தைப் பிடித்துத் தூரப் போட்டேன்.
பதினோராவது என்னைப் பார்த்துக்
கொம்பு நீட்டிய தைரியத்துக்காக
அதற்கு ஒரு கிளை.

பக்கத்து வீட்டுச் சின்னவன் வந்து
"ஒரு நெட்டு தரட்டாம்" என்றால்
இலையை உருவ விடுவதில்லை.
நுனியோடு ஒடி என்பேன்.
ஒடித்த இடத்தில் இரண்டு தளிர்க்கும்.
உருவின இடம் மொட்டையாகவே நிற்கும்.

வேலை முடிந்தபின் ஒதுக்கப்படுகிற மனிசருக்கு
நம் பாஷையில் இதன் பெயர்தானே.
நானும் ஐம்பது வருசம்
பீங்கான் ஓரத்தில் ஒதுக்கியவள்தான்.
உப்பை எடுத்துவிட்டால் பருப்பில் என்ன மிச்சம்?
தாளிக்கும்போது வெடித்த இந்த இலை மட்டும்.
இப்போது ஒதுக்குவதில்லை, கமறுன்னிஸா,
நரம்போடு மென்று விழுங்குகிறேன்.

போன கிளினிக்கில் நூற்றைம்பது.
இங்கே அடிக்கிளை இன்னும் மஞ்சள்தான்,
உச்சியில் மட்டும் புதுப் பச்சை.
"உப்பைக் குறைச்சீங்களா?" என்றார் டொக்டர்.
ஓம் என்றேன்.
வியாழக்கிழமை தின்ற கீரிக் கருவாட்டுத் துண்டை
வாளியோடு வந்து நின்றபோது
இதனிடம் மட்டும் சொன்னேன்.
இது என்னைவிட ஒழுக்கம்.
ஊற்றுவதைத்தான் குடிக்கிறது.